தாங்கள் தவறு செய்துள்ளீர்கள்

படிவத்துக்கு எரர் மெசேஜ் எழுதுவதைக் கடைசி நாள் வேலையாக ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கோபமில்லை. நாங்களும் அப்படித்தான் வைத்திருந்தோம். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது, ஒழுங்காக நிரப்பத் தெரியாதவர்களுக்காக யார் உட்கார்ந்து வாக்கியம் எழுதுவது என்று நானே கேட்டிருக்கிறேன். இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருப்பதால் எல்லாப் படிவங்களையும் என் கையால் நிரப்ப வேண்டியிருக்கிறது. நாங்கள் எழுதி வைத்த மாதிரியேதான் ஊரில் எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அனுபவிக்கிறேன்.

கம்ப்யூட்டர் கோடு எழுதுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு நாள், மதியம் இரண்டே முக்கால் மணியிலிருந்து சாயங்காலம் ஐந்தே கால் வரை நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைக் கொஞ்சம் சொன்னால்தான் அது புரியும்.

எங்கள் நிறுவனம் திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் போடும் சத்தத்தில்தான் நாங்கள் மீட்டிங் நடத்துவோம். ஓர் அலுவலகம் எங்களிடம் ஆன்லைன் விண்ணப்பப் படிவம் செய்து தரச் சொன்னது. எந்த அலுவலகம், அரசா தனியாரா என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவர்கள் நடத்தும் பள்ளி விடுதிகளுக்குச் சமையல் பொறுப்பாளர்கள் தேவை. பெண்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம், பன்னிரண்டாவது முடித்திருக்க வேண்டும், வயது வரம்பு உண்டு. நிரந்தர வேலை. இந்த மாதிரி அறிவிப்பு எப்போதாவதுதான் வரும் என்பதால், வரம்பின் விளிம்பில் இருக்கிறவர்களுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

அந்த அலுவலகத்தின் அதிகாரி தமிழ்ப்பற்று உள்ளவர். படிவம் முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும், பெயரைத் தமிழில்தான் தட்டச்ச வேண்டும், ஆங்கில எழுத்து ஒன்று விழுந்தாலும் படிவம் ஏற்கக்கூடாது என்றார். நல்ல விஷயம்தான். அடுத்து, தலைப்பெழுத்துக் கட்டத்தில் ஓரெழுத்து மட்டுமே இருக்க வேண்டும் என்றார். போன தடவை சிலர் இனிஷியல் கேட்ட இடத்தில் அப்பா, தாத்தா பெயரையெல்லாம் எழுதி, பட்டியல் கோணலாகப் போய்விட்டதாம். அதற்கும் தலையாட்டினோம்.

தவறு நேர்ந்தால் என்ன காட்டுவது என்ற விவாதம் மட்டும் ஒன்றரை மணி நேரம் ஓடியது. எங்கள் குழுவில் வடிவமைப்பு பார்த்த பெண், "ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழயும், அந்தக் கட்டத்துல என்ன தப்புன்னு சின்னதா எழுதிரலாம் சார்" என்றாள். அதிகாரி முகத்தைச் சுளித்தார். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பெயிலான பையனின் பரீட்சைத் தாள் மாதிரி இருக்கும், அலுவலகத்தின் மதிப்பு என்னாவது என்றார். தவிர, எல்லாவற்றையும் நாமே சொல்லிக் கொடுத்தால் விண்ணப்பதாரர்கள் எப்போதுதான் கவனமாக இருக்கக் கற்றுக்கொள்வார்கள் என்றும் கேட்டார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. கட்டத்துக்குக் கட்டம் எழுதினால் கூடுதலாக இரண்டு நாள் பிடிக்கும். "சார் சொல்றதுதான் சரி, மேலே ஒரே வரி போதும்" என்று சொன்னது நான்தான். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

அந்த ஒரே வரிக்கு முதலில் 'செல்லாத உள்ளீடு' என்று வைத்தோம். செல்லாத என்றால் செல்லாக்காசு ஞாபகம் வருகிறது என்று அதிகாரி நீக்கினார். 'பிழை' என்று வைத்தோம். மொட்டையாக இருக்கிறது, மரியாதை வேண்டும் என்றார். கடைசியில் அவரே எழுதிக் கொடுத்தார்: 'தாங்கள் தவறு செய்துள்ளீர்கள். திருத்தி மீண்டும் அனுப்பவும்.' தாங்கள் என்ற சொல்லில் எவ்வளவு பணிவு இருக்கிறது பாருங்கள் என்றார். பார்த்தோம். பக்கத்தின் உச்சியில், நடுவாக, அதை வைத்தோம். அது தோன்றும்போது கீழே நிரப்பியதெல்லாம் அழிந்து, போட்டோவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெளியிடுவதற்கு முன் சோதித்தோமா என்று கேட்பீர்கள். சோதித்தோம். எங்கள் பெயர்களைப் போட்டே சோதித்தோம். என் அப்பா நடராஜன், எனக்கு ந. கோடு எழுதிய அருணுக்கு அப்பா ஆறுமுகம், ஆ. மற்றவர்களுக்கு க, ச, அ. எல்லாம் ஒழுங்காகப் போயின. கேக் வெட்டினோம்.

விண்ணப்பக் காலம் பாதி ஓடிய பிறகு ஒரு மீட்டிங். வந்து சேர்ந்த விண்ணப்பங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு அதிகாரி வருத்தப்பட்டார். கிராமத்துப் பக்கமிருந்து ரொம்பக் குறைவாக வந்திருக்கிறது, நம் பெண்களுக்கு ஆர்வம் போதவில்லை, ஒரு விழிப்புணர்வு முகாம் போட வேண்டும் என்றார். முகாமுக்கு நோட்டீஸ் அச்சடிக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். எல்லா முட்டாள்தனத்திலும் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

இதற்கிடையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜமால் அண்ணன் எங்கள் உதவி எண்ணுக்கு நாள்தோறும் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் கடையில்தான் நிரப்பித் தருவார். "சில பேருக்குப் போகுது, சில பேருக்குப் போகல" என்பார். நாங்கள் "பிரவுசரை மாத்திப் பாருங்க, கேஷை கிளியர் பண்ணுங்க" என்போம். அவர் மாற்றுவார், கிளியர் செய்வார், மறுநாள் போன் போடுவார். கடைசி நாளன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மனிதருக்கு டைப் பண்ணத் தெரியவில்லை, நேரில் போய் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் படிவம் மூடிவிடும்.

கடைக்குள் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து, நாற்பதுக்குள் இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் சான்றிதழ்கள். திரையில் எங்கள் அதிகாரியின் வாக்கியம் பணிவோடு நின்றுகொண்டிருந்தது.

"இது பேச்சியம்மா, மேடம். அழகர்கோவில் ரோட்டுல உள்ள தள்ளி ஊரு" என்றார் ஜமால் அண்ணன். "மூணு நாளா வாராங்க. அவங்க அண்ணன் சம்சாரமும் கூட வந்துச்சு. அந்தம்மா முந்தாநாளே வெறுத்துப் போயிருச்சு. இவங்கதான் விட மாட்டேங்குறாங்க."

நான் யார் என்று தெரிந்ததும் பேச்சியம்மாள் எழுந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. தணிந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தத் தப்புக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா?"

"தப்புப் பண்ணிட்டேன்னு போட்ருக்குல்ல. எந்தத் தப்புன்னு சொன்னா ஒத்துக்கிருவேன். அம்புட்டையும் யோசிச்சுப் பாத்துட்டேன்."

அவர் யோசித்துப் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் தடவை எல்லாவற்றையும் சான்றிதழில் உள்ளபடியே போட்டிருக்கிறார். தவறு என்று வந்தது. பிறந்த தேதியில்தான் கோளாறு என்று நினைத்தார். சான்றிதழில் இருப்பது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உத்தேசமாகப் போட்டது, அம்மா சொல்லும் தேதி வேறு. அது எப்படியோ கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மா சொன்ன தேதியைப் போட்டார். மறுபடியும் தவறு. அவர் இப்போது இருப்பது அண்ணன் வீட்டில். அது சொந்த வீடு இல்லையே என்று முகவரியை மாற்றி, பழைய புகுந்த வீட்டு முகவரியைப் போட்டார். தவறு. அடுத்து, கட்டிய கணவர் திருப்பூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். படிவத்தில் 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று ஒரு வரி உண்டு, அதைத்தான் முதலில் தேர்ந்தெடுத்திருந்தார். ஒருவேளை அப்படிச் சொன்னதுதான் தப்போ என்று 'திருமணமானவர்' என்று மாற்றினார். தவறு.

"கடைசியா, புருசன் செத்துட்டார்னு போட்டேன்க்கா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "உசுரோட இருக்கிற மனுசன். அதையும் ஒத்துக்கிற மாட்டேங்குது."

சிரிப்பு வரவில்லை. இப்போது சொல்லும்போது வருகிறது. மூன்று நாளாக அந்தப் பெண் ஒரு விசாரணையில் உட்கார்ந்திருந்தார். குற்றம் என்னவென்று சொல்லாமல் 'தாங்கள் தவறு செய்துள்ளீர்கள்' என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால், நல்ல மனிதர்கள் தங்களிடம் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையான விண்ணப்பம் ஒன்றைப் படிப்படியாகப் பொய் விண்ணப்பமாக மாற்றியிருந்தோம்.

ஆனாலும் திமிர் உடனே போகுமா. நகருங்கள் என்று நானே உட்கார்ந்து சான்றிதழைப் பார்த்து எல்லாவற்றையும் தட்டினேன். பெயர் பேச்சியம்மாள், தலைப்பெழுத்து பெ, அப்பா பெரியகருப்பன். போட்டோ ஏற்றினேன், அனுப்பினேன். தாங்கள் தவறு செய்துள்ளீர்கள். இன்னொரு தடவை. தாங்கள் தவறு செய்துள்ளீர்கள். எனக்கே என் மேல் சந்தேகம் வந்து, காலையில் வீட்டைப் பூட்டினேனா என்றுகூட யோசித்துப் பார்த்தேன். ஜமால் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "கேஷ் கிளியர் பண்ணிப் பாப்பமா மேடம்?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு அதைக் கேட்க முழு உரிமை இருந்தது.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. யார் வந்தார்கள், போயிற்றா இல்லையா என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்திருந்தார். போன் நம்பரும் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். போனவர்கள்: அ. பாத்திமா, க. லட்சுமி, ச. மும்தாஜ், ப. ராக்கு. போகாதவர்கள்: மு. செல்லம்மாள், பெ. பேச்சியம்மாள், சி. ஆயிஷா, வீ. மாரியம்மாள், கு. பாண்டீஸ்வரி. இரண்டு மூன்று பக்கம் புரட்டினேன். போன எழுத்தெல்லாம் மொட்டையாக இருந்தது. போகாத எழுத்துக்கெல்லாம் ஒரு கொம்போ சுழியோ கொக்கியோ இருந்தது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். நமக்கு 'பெ' ஓரெழுத்து. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு: ப ஒன்று, கொம்பு ஒன்று. 'மு' என்றால் ம ஒன்று, உகரக் குறி ஒன்று. ஓரெழுத்து மட்டுமே என்று நாங்கள் போட்ட காவலில், அப்பா பெயர் அ, க, ச என்று மொட்டையாக ஆரம்பிக்கிறவர்கள் உள்ளே போனார்கள். முத்து, பெரியகருப்பன், சின்னச்சாமி, வீரணன், முகமது, சிக்கந்தர் என்று அப்பா உள்ளவர்கள் எல்லோரும் தவறு செய்தவர்கள் ஆனார்கள். தமிழ்ப்பற்றோடு தமிழில் மட்டுமே எழுதச் சொல்லிவிட்டு, தமிழில் எத்தனை எழுத்து என்று எண்ணத் தெரியாத படிவத்தைக் கொடுத்திருந்தோம். கிராமத்துப் பெண்களுக்கு ஆர்வம் இல்லாமல் போனதன் ரகசியமும் அதுதான்.

நான் சொன்னதைக் கேட்டு ஜமால் அண்ணன் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப உங்க பாரம் அத்தா பேரைப் பாத்துத்தான் ஆளை உள்ள விட்டிருக்கு" என்றார்.

மணி மூன்று நாற்பது. இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. அருணைக் கூப்பிட்டேன். ஒரு வரி மாற்றினால் போதும் என்றான். ஆனால் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது விதியை மாற்ற அலுவலகத்தின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. "அனுமதி வாங்கிட்டுச் சொல்லுங்க மேடம், ரெடியா இருக்கேன்" என்றான்.

நான் அதிகாரிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். உதவியாளர் எடுத்து, சார் ஒரு பாராட்டு விழாவில் மேடையில் இருக்கிறார் என்றார். அவசரம் என்றேன். சால்வை போட்டு முடிந்ததும் சொல்கிறேன் என்றார். காத்திருந்தேன். மெயில் எழுதினேன். முறையான மெயில், பொருள், பார்வை எல்லாம் போட்டு. பத்து நிமிடம் கழித்துப் போன் போட்டால், இன்னும் இரண்டு பேருக்கு சால்வை இருக்கிறது என்றார். மறுபடி காத்திருந்தேன். பேச்சியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி நான்கு ஐந்து ஆனபோது, அனுமதி வராது, வந்தாலும் ஐந்துக்குப் பிறகுதான் வரும் என்று எனக்கு உறைத்தது. அருணிடம் "மாத்து" என்றேன். "மேடம், எழுத்துல..." என்றான். "நான் சொன்னேன்னு மெசேஜ் அனுப்புறேன். என் பேர்ல இருக்கட்டும். மாத்து" என்றேன். ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டான். இதற்காகப் பிற்பாடு எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. 'தாங்கள் விதிகளை மீறியுள்ளீர்கள்' என்று இருந்தது. எந்த விதி என்று எழுதவில்லை. அவர்களுக்குப் பழக்கம்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எப்படியும் அனுமதி இல்லாமல்தான் செய்தேன். அதை மூன்று நாற்பதுக்கே செய்திருக்கலாம். அந்த நேரத்தில் நான் செய்ததெல்லாம், பிறகு யாராவது கேட்டால் காட்டுவதற்கு எனக்கு ஒரு மெயில் தயார் செய்ததுதான்.

பேச்சியம்மாளிடம் சரிசெய்துவிட்டோம், புதிதாக நிரப்பலாம் என்றேன். நகர்ந்து உட்கார்ந்தார். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாம் சான்றிதழ்படி போட்டோம். மணநிலை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்துட்டார்னே இருக்கட்டும்க்கா. மாத்துனா மறுபடி தப்புன்னு சொல்லிரும்."

"சொல்லாதும்மா. தப்பு உங்க தலைப்பெழுத்துக் கட்டத்துல இருந்துச்சு. மத்ததெல்லாம் முதல்ல இருந்தே சரிதான்."

"நெசமாவா?"

"நெசமா. இப்ப இதைப் பொய்யா போட்டீங்கன்னா சான்றிதழ் பாக்குற அன்னைக்கு உங்களை வெளிய அனுப்பிருவாங்க."

நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? எங்கள் படிவத்தை மூன்று நாள் நம்பியிருக்கிறார். ஜமால் அண்ணன்தான், "தங்கச்சி, உள்ளதைப் போடு, நான் இருக்கேன்ல" என்றார். நான் சொன்னதைவிட அது எடுபட்டது. 'கணவரால் கைவிடப்பட்டவர்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. மணி நான்கு இருபது.

அவர் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. "மதினிக்கு போன் போடணும்" என்றார். மதினி என்றால் செல்லம்மாள், முந்தாநாள் வெறுத்துப்போய்க் கிளம்பிய அண்ணன் மனைவி. அப்பா முத்துக்கருப்பன், ஆகையால் மு. அவருக்கு அடுத்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. ஐந்து மணிக்குள் அனுப்பினால் உண்டு, இல்லையென்றால் அவருக்கு இந்த வேலை எந்தக் காலத்திலும் இல்லை.

வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் சான்றிதழ் பிரதிகளை ஜமால் அண்ணன் அழித்துவிடுவார். நல்ல பழக்கம். ஆனால் அதனால் செல்லம்மாள் சான்றிதழோடு நேரில் வந்தாக வேண்டியிருந்தது. அவரிடம் இருப்பது பட்டன் போன், படம் எடுத்து அனுப்பவும் வழியில்லை.

"மதினி, தப்பு நம்ம மேல இல்லையாம். அந்த மெசினுக்கு எழுத்து எண்ணத் தெரியலையாம். கவரை எடுத்துக்கிட்டு ஒடனே வாங்க" என்று பேச்சியம்மாள் சத்தமாகப் பேசினார். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "களை எடுக்கிறதெல்லாம் கெடக்கட்டும், வாங்க" என்றார். பிறகு போனைப் பொத்திக்கொண்டு என்னிடம், "அண்ணன் பைக்கை எடுத்துக்கிட்டு உரம் வாங்கப் போயிருச்சாம். பஸ்ஸுலதான் வரணும்" என்றார்.

ஜமால் அண்ணன் நோட்டில் இருந்த மற்றவர்களுக்கும் மாற்றி மாற்றிப் போன் போட்டோம். பக்கத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றில் நான், ஒன்றில் ஜமால் அண்ணன். என் பணிக்காலத்தில் அவ்வளவு வேகமாக நான் தமிழ் தட்டச்சு செய்ததில்லை. சிலர் போனில், "வேணாங்க, நாங்கதான் ஏதோ தப்பாச் செஞ்சிருப்போம், விடுங்க" என்று வைத்துவிட்டார்கள். நான்கு ஐம்பதுக்குப் பிறகு பேச்சியம்மாள் வாசலை விட்டு நகரவில்லை. அழகர்கோவில் பஸ் ஒவ்வொன்றும் வரும்போது எட்டிப் பார்த்தார்.

செல்லம்மாள் உள்ளே வந்தபோது ஐந்து மணி ஏழு நிமிடம். ஓடி வந்திருந்தார். புடவையின் கரையில் வயல் சேறு காயாமல் இருந்தது. கவரை என்னிடம் நீட்டினார். நான் திரையைப் பார்த்தேன். 'விண்ணப்பிக்கும் நேரம் இன்று மாலை 5.00 மணியுடன் முடிவடைந்தது' என்று தெளிவாக, தேதியோடு, நேரத்தோடு நின்றது. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று துல்லியமாகச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தை அந்தப் படிவத்தில் நாங்கள் எழுதியிருந்தோம்.

அருணிடம் ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிடம் திறந்துவிடுவான். கை போன் வரைக்கும் போனது. ஆனால் ஐந்துக்குப் பிறகு பதிவான ஒரே ஒரு விண்ணப்பம் போதும், யாராவது வழக்குப் போட்டால் மொத்தத் தேர்வும் நின்றுவிடும். அன்று சாயங்காலம் ஓடி வந்து அனுப்பியவர்கள் எல்லோருடையதும், பேச்சியம்மாளுடையதும் சேர்ந்து. நான் போனை எடுக்கவில்லை. அது சரியா என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் அதிகாரியிடம் போய் நீட்டிப்புக் கேட்டேன். நீட்டித்தால் நாமே தவறை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். அது நான் எதிர்பார்த்த பதில்தான். அன்று சாயங்காலம் கடையில் கவரைச் செல்லம்மாளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றேன். "நான் இருபத்தஞ்சு நிமிசம் முன்னாலயே சரிபண்ணச் சொல்லியிருந்தா உங்களுக்குப் போயிருக்கும். என் தப்பு."

பேச்சியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். செல்லம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஜமால் அண்ணன் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு கேட்டார்.

"நான் போட்டதுல தப்பு எதுவுமே இல்லையா?"

"இல்லை."

"ஒண்ணு கூட?"

"ஒண்ணு கூட இல்லை."

அவர் தன் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். "எங்க வீட்டுக்காரரு. ரெண்டு நாளா, ஒரு பாரம் ரொப்பத் துப்பில்ல, பன்னெண்டாவது படிச்சேன்னு பீத்திக்கிற-னு சொல்லிக்கிட்டே இருக்காரு. இப்ப எனக்குச் சொன்னீகள்ல, அதை அவர்ட்டயும் சொல்லிருங்க."

வாங்கினேன். மறுமுனையில் ஒரு ஆண் குரல் "ஏய், எங்கடி போன?" என்றது. நான் யார் என்று சொன்னேன். பிறகு, என் பணிக்காலம் முழுவதும் எந்தப் படிவத்திலும் எழுதாததைச் சொன்னேன். உங்கள் மனைவி பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார். பிறந்த தேதி சரி. முகவரி சரி. படிப்பு சரி. சான்றிதழ்கள் சரி. தலைப்பெழுத்து என்ற கட்டத்தில் 'மு' என்று எழுதியிருக்கிறார், அதுவும் சரி. அந்தக் கட்டத்துக்கு நாங்கள் வைத்த விதிதான் தவறு. அதை வைத்தது நான்.



"சரிங்க" என்றார், குரல் மாறியிருந்தது. "அப்ப வேலை கெடைச்சிருமா?"

"கிடைக்காதுங்க" என்றேன்.

செல்லம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்தார். "கேட்டீகள்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு அணைத்தார்.